ஆர்ச்சில் என் பெயர்

தம்பி,

நான் எப்படி இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள நீ போன் போட வேண்டியதில்லை. பைபாஸில் வருகிற எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும். நம் மேல்வயல் இருந்த இடத்தில் தென்னை உயரத்துக்கு நிற்கிறேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, என் ஆயுளில் நான் போட்டிராத காசுமாலையைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். கன்னத்து மச்சத்தைக் காணோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த மச்சம்தான் என்று உன் அப்பா சொல்வார். உன் கம்ப்யூட்டர்காரன் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டான். எனக்குக் கீழே ஒரு டெம்போக்காரர் வண்டியை ஓரங்கட்டி ஒன்றுக்குப் போகிறார். அவருக்கு அது வாடிக்கையான இடம் போலிருக்கிறது. அதையும் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிளக்ஸில் என் பெயருக்குப் பின்னால் நகர் என்று வேறு போட்டிருக்கிறாய்.

இதை யாரையும் வைத்து எழுதவில்லை. நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான், அதற்கு மேல் பள்ளிக்கூடம் நம் ஊரில் இல்லை. ஆனால் நான் எழுதினால் ஒற்று விடாது, வரி கோணாது. உனக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கைதான். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. கொண்டுவருகிறவன் படிக்கட்டும், உன் ஆபீஸில் டீ கொண்டுவருகிற பெண் படிக்கட்டும், உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கட்டாயம் படிக்கட்டும். ஊரே பார்க்கிற மாதிரி என் முகத்தை நீ வைத்திருக்கிறாய். என் பேச்சு மட்டும் எதற்கு மூடி வர வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ நகர் திறப்பு விழாப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்து என் காலில் விழுந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனி கடைசி முகூர்த்தம், ஆடி பிறப்பதற்குள் திறந்துவிட வேண்டும், நீங்கள்தான் ரிப்பன் வெட்ட வேண்டும் என்றாய். ஆர்ச்சில் என் பெயரைக் கல்லில் வெட்டியிருப்பதைப் போனில் காட்டினாய். ஒரு பெண்பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டைத் தாண்டி வேறு எங்கே எழுதப்படுகிறது? கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நீ போன பிறகு, எதிர்வீட்டுக்காரி கேட்காமலே அவளைக் கூப்பிட்டுப் பத்திரிகையைக் காட்டினேன். பெருமைக்காரி நான், அதை மறைக்க மாட்டேன். பெருமைப்பட்டதால்தான் பிறகு இத்தனை அருவருப்பாக இருக்கிறது.

நான் ரோட்டைத் திட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே. ரோட்டால் வந்த நன்மையை மறக்கிற ஆள் இல்லை நான். உன் மகள் பிறந்த அன்றைக்குப் பழைய சாலையில் போயிருந்தால் சின்னமனூர்க் கடைத்தெருவிலேயே பிறந்திருப்பாள். பைபாஸ் இருந்ததால் தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். காமயகவுண்டன்பட்டித் திராட்சை முன்பெல்லாம் லாரி நெரிசலில் நின்று பாதி நசுங்கிப் போகும், இப்போது முழுசாகப் போகிறது. ரோடு வரட்டும் என்று ஊரே ஆசைப்பட்டது உண்மைதான். ஆனால் எப்படி ஆசைப்பட்டார்கள் என்பதை நினைத்துப் பார். அளக்கிற கருவியை முக்காலியில் வைத்துக்கொண்டு அந்த அதிகாரிகள் வரப்பு வரப்பாக வந்தபோது நீ மதுரையில் படித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு வயலிலும் அவர்களுக்கு இளநீர், பன்னீர் திராட்சை, நாட்டுக்கோழிக் குழம்பு. எதற்கு? ரோடு தங்கள் வயலுக்குள் வரக் கூடாது, ஆனால் தங்கள் வயலை ஒட்டிப் போக வேண்டும். அடுத்தவன் வயலை அறுத்துக்கொண்டு போனால் பரவாயில்லை. "நம்ம வரப்பைத் தொட்டுக்கிட்டுப் போற மாதிரி ஒரு கோடு போடுங்க சார்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கெஞ்சினார்கள். அந்த சார் இலையைப் பார்த்தபடியே, "தொட்டுக்கிட்டு மட்டும் போக அது என்ன பூனைக்குட்டியாங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் ஆசையை விடவில்லை.

கடைசியில் அது நம் வரப்பைத்தான் தொட்டுக்கொண்டு போனது. பக்கத்து வயல்காரர்கள் உன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது உறைக்கவும் இல்லை. அவருக்கு ஒரே கவலைதான். பெரிய வாய்க்காலிலிருந்து வருகிற தண்ணீர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டால் என்ன செய்வது? மண் கொட்டி மேடு போட்ட நாள் முழுக்க அங்கேயே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். "ஏங்க, தண்ணிக்கு வழி எங்கன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரோடு போட்டவர்கள் வடக்கத்திக்காரர்கள், தமிழ் தெரியாது. கையால் சாடை காட்டினார். குனிந்து, தவழ்ந்துகூடக் காட்டினார். சாப்பாடு கொண்டுபோன எனக்குச் சிரிப்பாக வந்தது. அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் படத்திலேயே அது இருந்ததாம். ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவு குழாயை ரோட்டுக்கு அடியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வயலுக்குப் போனார்கள். லாரியும் பஸ்ஸும் மேலே போகும், லோயர் கேம்பில் திறந்த அணைத் தண்ணீர் அடியில் வரும். அந்தக் குழாய் வாயில் முதல் தண்ணீர் விழுந்த அன்றைக்கு உன் அப்பா அதில்தான் முகம் கழுவினார். இதை மனதில் வைத்துக்கொள். நம் மொழி தெரியாதவன், நம் ஊர்ப் பெயர் வாயில் நுழையாதவன், தண்ணீருக்கு வழி விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ரோட்டோரம் என்னென்ன முளைத்தது என்று நீயே பார்த்தாய். முதலில் ஒரு டீக்கடை வந்தது. டீக்கடைக்கு எதிரில் பஞ்சர் கடை, அதையடுத்துப் புரோட்டாக் கடை, பிறகு கல்யாண மண்டபம், அதற்குப் பிறகு மஞ்சள் வேன் விடுகிற பள்ளிக்கூடம். ஊருக்குள் வந்துகொண்டிருந்த பஸ் பைபாஸோடு போய்விட, பஸ் ஸ்டாண்டில் பூ விற்றவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தாள், அவள் பின்னாலேயே ஊரும் வந்தது. வந்ததில் தப்பில்லை. ஆனால் புரோட்டாக் கடைக்காரன் எச்சில் இலையை வாய்க்காலில் கொட்டுகிறான். கோழிக்கடைக்காரன் இறகையும் குடலையும் மூட்டை கட்டி எறிகிறான். மலைக்குப் போகிற வேன்கள் நிற்கிற இடமெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. நடவுக்குப் போன பெண்களின் காலை உடைந்த பீர் பாட்டில் கிழிக்கிறது. போன போகத்தில் சேற்றுக்குள் கை விட்டவளுக்குக் குழந்தையின் மூத்திரத் துணி அகப்பட்டது. நெல் நடுகிற சேறு அது தம்பி. அதில் விளைந்ததைத்தான் நீயும் நானும் தின்கிறோம்.

இன்னொரு கண்றாவியும் உண்டு. நன்றாக விளைகிற நஞ்சையை வேண்டுமென்றே போட்டு வைக்கிறார்கள். நடவு இல்லை, உழவு இல்லை. சீமைக்கருவேலம் முளைத்தால் சந்தோஷப்படுகிறார்கள், தரிசு என்று காட்டி மனை போட வசதியாம். தென்னைக்குத் தண்ணீர் விடாமல் தலையைத் தொங்கப் போட வைக்கிறார்கள். பிள்ளைக்குச் சோறு போடாமல் சாகவிட்டுவிட்டு, சீக்கு வந்து செத்தது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அப்படி உண்டாக்கிய நகரில் மனிதர்களாவது இருக்கிறார்களா? வாங்கியவன் மதுரையில் இருக்கிறான், கோட்டயத்தில் இருக்கிறான், துபாயில் இருக்கிறான். கலர் அடித்த எல்லைக் கல் மட்டும் வரிசையாக நிற்கிறது. இருட்டியதும் தெருவிளக்கு எரிகிறது, அதற்குக் கீழே நாய் படுத்திருக்கிறது. நகராம் நகர்.

நம் மேல்வயலை நீ மனை போட்டது பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது உன் பங்கு. விவசாயம் உனக்கு ஆகாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்பா போன பிறகு குத்தகைக்கு விட்டாய், குத்தகைக்காரர் வயதாகி வயலை விட்டுவிட்டார். கோடையில் டிப்பர் லாரி லாரியாக கிராவல் மண்ணை அடித்தபோது என் காதில் விழாமல் இல்லை. முழங்கால் வலியால் நான் மேட்டைத் தாண்டி வரவில்லை. உன் வயல், உன் மண் என்று இருந்தேன். மடையை மூடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுப்பை அணைத்தாயா என்று கேட்கலாம். அடுத்த வீட்டுக்கு நெருப்பு வைத்தாயா என்று யாராவது கேட்பார்களா?

நீ மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். நம் பக்கத்தில் வயலுக்கு வயல் பாய்ச்சல். தண்ணீர் நம் மேல்வயலுக்கு வந்து, நிறைந்து, நம் மடை வழியாகத்தான் கீழ்வயலுக்கு இறங்கும். அந்த மடையை நாம்தான் திறப்போம். கீழ்வயல்காரர் வந்து தொட மாட்டார். பயிர் காய்ந்தாலும் தொட மாட்டார். தன் வரப்பில் நின்று "தண்ணி விடுங்க" என்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான். மறுகுரல் கொடுக்க வைத்தால் அது மேல்வயல்காரருக்குத்தான் அவமானம். யார் வகுத்தது என்று தெரியாது. மண்வெட்டிச் சண்டையில்லாமல் இத்தனை காலம் ஓடியது அதனால்தான். சின்னப் பிள்ளையில் நீ மடை வாயில் உட்கார்ந்து, குறுக்கே காலை வைத்துத் தண்ணீரை மறித்து விளையாடுவாய். கீழ்வயல் சுலைகா கீழேயிருந்து, "மேல யாருப்பா, தண்ணி நின்னு போச்சே!" என்று கத்துவாள். ஏறி வந்து உன் காதைத் திருகியிருக்கலாம், வர மாட்டாள். நீ சிரித்துக்கொண்டே காலை எடுப்பாய். "வந்துருச்சு ராசா, வந்துருச்சு!" என்பாள். அன்றைக்குக் காலை எடுத்தாய்.

பத்திரிகையைச் சுலைகாவுக்கு நானே கொடுக்க வேண்டும் என்று ஆசை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, நீ எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போனேன். அவள் புருஷன் ராவுத்தர் இறந்த பிறகும் அந்த வயலை அவள் ஒருத்தியாகத்தான் பார்க்கிறாள். மகளைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அங்கே வந்து இரு என்று மகள் கூப்பிட்டாலும், நாத்து பாவணும், களை எடுக்கணும் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பாள். அன்றைக்கும் வயலில்தான் இருந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாலைப் பங்கிடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. ரோட்டு மேல பெருசா நிக்கிறீக, பாத்தேன்" என்றாள்.

"எப்படி இருக்கேன்?"

"கழுத்து நெறையப் போட்டிருக்கீக. இத்தனை வருசம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?"

"அது போட்டதில்லத்தா, வரைஞ்சது."

"அதானே பாத்தேன். காசுமாலை வச்சிருக்கிறவக எங்கிட்ட வந்து காப்பித்தூள் கடன் கேப்பாகளா?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தபடியே கீழே பார்த்தேன். அவள் ஊற்றிக்கொண்டிருந்தது நாற்றங்கால். கோடை மழை ஈரத்தில் விதை பாவியிருக்கிறாள், எப்படியும் ஆனியில் தண்ணீர் வந்துவிடும் என்று. நாற்று மஞ்சளாகக் கிடந்தது. விரல் நுழைகிற அளவு மண் வெடித்திருந்தது.

"என்னத்தா இது? லோயர் கேம்ப்ல தண்ணி தொறந்துட்டாகளே?"

"தொறந்துட்டாக. இங்கன வரலை."

"வரலைன்னா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"குரல் குடுத்தேன் மதினி. உங்க மகன் காருல வந்து நின்னாக. தண்ணி விடச் சொல்லுங்க தம்பின்னு இங்கன இருந்தே சொன்னேன். சரிங்க மாமின்னு கையைக் காட்டிட்டுப் போனாக. அதுக்கு மேல எப்படிக் கேக்குறது?"

"மண்ணைப் போட்டு மூடிட்டான்டி! ஆளை விட்டுத் தோண்டிவிட வேண்டியதுதான?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போல் இருந்தது. "உங்க மடைல நான் எப்படி மதினி கை வைக்கிறது?" என்றாள்.

மூடிய மடைதான். மேலே ஆள் உயர மண். அதற்கு மேலே பச்சையும் மஞ்சளுமாகக் கல். இருந்தும் அவளுக்கு அது நம் மடை. அதற்காக நாற்றைக் குடத்துத் தண்ணீரில் வளர்க்கப் பார்த்திருக்கிறாள். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பேச்சை மாற்றுகிற மாதிரி அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

"முந்தாநாள் ரெண்டு பேர் வந்தாக. இனிமே இது வெளையாத மண்ணு பாட்டிம்மா, வச்சு என்ன செய்யப் போறீகன்னு கேட்டாக. வந்த வெலைக்குக் குடுத்துருங்கன்னாக. அடுத்த நகருக்கு உங்க பேத்தி பேரு வைக்கப் போறாகளாம். நல்ல பேரு மதினி."

நல்ல பேரு என்று அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. பட்டுச்சேலையோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இதை ஊர்க்காரன் செய்திருந்தால் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். செய்தது என் வயிற்றில் பிறந்தவன், செய்தது என் பெயரில். அடுத்தது என் பேத்தி பெயரில். முதலில் தண்ணீரை நிறுத்து, பயிர் காயட்டும். காய்ந்த பிறகு விளையாத மண் என்று சொல், சொன்ன பிறகு வந்த விலைக்குக் கேள். அந்த ரோடு போட்டவர்கள் யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இது நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தது.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன். நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன். கூட்டாளிகள் முன்னால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது பார்.

"அம்மா, அவக ஒரு தடவைதாம்மா சொன்னாக. பிரச்சினைன்னா திரும்ப வந்து சொல்லியிருப்பாகள்ல?"

"மறுகுரல் கேக்க வச்சா யாருக்குடா அசிங்கம்?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப எல்லாம் எழுதிக் குடுக்கணும். அப்ஜெக்‌ஷன் இருந்தா குடுத்திருக்கலாம்."

"வெல கேட்டு ஆள் அனுப்புனியா?"

"நல்ல வெலைதாம்மா. அவகளுக்கும் வயசாயிருச்சு. பைபாஸ் வந்துருச்சு, இனி இங்கன நெல்லு நிக்காது. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு எல்லாமே டவுன்தான்."

வைத்துவிட்டாய். டவுன் ஆகட்டும் தம்பி. கம்பமும் தேனியும் ஒரு காலத்தில் வயலாக இருந்த இடங்கள்தான், எனக்குத் தெரியாதா? வீடு இல்லாதவன் வீடு கட்டட்டும். ஆனால் தானாக ஆகிற டவுன் வேறு, கீழ்வயல்காரி கழுத்தைப் பிடித்துத் தள்ளி நீ ஆக்குகிற டவுன் வேறு. இனி நெல் நிற்காது என்று நீ சொல்கிறாயே, அது மழையா வெயிலா, தானாக வருவதற்கு? மடையை மூடியவன் சொல்கிற ஜோசியம் அது. ஒருத்தி பேசாமல் இருக்கிறாள் என்றால் சரி என்று அர்த்தம் இல்லை. அவள் மரியாதையாக இருக்கிறாள், அவ்வளவுதான். அந்த மரியாதை உனக்கு வசதியாகப் போய்விட்டது. வாழ்க்கையில் நீ இன்னும் எத்தனையோ பேரிடம் வியாபாரம் செய்வாய். கத்துகிறவனிடம் ஏமாந்தாலும் பரவாயில்லை, கத்தாதவளிடம் பிடுங்காதே. நான் உனக்குச் சொல்ல நினைக்கிற புத்தி இது ஒன்றுதான்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு இதற்குள் செய்தி வந்திருக்கும், ஆனால் என் வாயால் கேள். காலையில் ஆட்டோ பிடித்து உன் நகருக்குப் போனேன். ஆர்ச் பக்கத்தில் ஒரு பொக்லைன் நின்றது. ஓட்டுகிறவன் நிழலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். அவன் தின்று முடிக்கும்வரை குழாய் வாயைப் போய்ப் பார்த்தேன். உன் அப்பா முகம் கழுவிய இடம். வெளியே வர வழியில்லாமல் தண்ணீர் தேங்கிக் கருத்துக் கிடந்தது. எச்சில் இலை, டீக் கப், கோழி இறகு, எல்லாம் மேலே மிதந்தன. புழு நெளிந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

"தம்பி, இந்தக் குழாய்லேர்ந்து அந்தா தெரியுது பாரு கீழ்வயல், அங்கன வரைக்கும் ஒரு வாய்க்கா வெட்டு. பழைய தடம் நான் காட்டுறேன்" என்றேன்.

"ஓனர் சொல்லாம பக்கெட்ட எறக்க மாட்டேன் பாட்டி. தெறப்பு விழா வச்சிருக்காக."

"ஓனரோட ஆத்தா சொல்றேன்."

"யாரு வேணாலும் வந்து அப்படிச் சொல்லலாம்ல?"

"அண்ணாந்து பாரு."

அவன் பிளக்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அவக காசுமாலை போட்டிருக்காக. இந்த மச்சமும் இல்லை" என்றான்.

"மாலை உங்க ஓனர் போட்டது. மச்சம் ஆண்டவன் போட்டது. எதை நம்புற?"

"ஒருக்கா அதே மாதிரிச் சிரிங்க பாப்போம்."

"சிரிப்பு வரலைடா. வெட்டு."

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "இப்ப நம்புறேன். எங்க ஓனருக்கும் கோவம் வந்தா இதே மூஞ்சிதான்" என்றான்.

நல்ல வேலைக்காரன், அவனைத் திட்டாதே. நான் முன்னால் நடந்து காட்ட, பழைய வாய்க்கால் போன தடத்திலேயே வெட்டிக்கொண்டு வந்தான். அது ஆர்ச்சுக்கு உள்ளே, நீ கல் பரப்பி வைத்திருக்கிற பெரிய தெருவுக்குக் குறுக்கே போகிறது. பூங்கா என்று போர்டு வைத்த இடத்தைத் தாண்டுகிறது. இரண்டு மனை கெட்டிருக்கிறது, கலர் கல்லைப் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறோம். கடைசியில் மடை இருந்த இடத்தில் ஒரு கூடை மண்ணை மட்டும் விட்டு வைக்கச் சொன்னேன். சுலைகா தன் வரப்பில் வந்து நின்றாள். சத்தம் கேட்டு வந்தவள் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். குரல் கொடு என்று கையைக் காட்டினேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தன் வரப்பில் நின்றபடியே குரல் கொடுத்தாள். "தண்ணி விடுங்க மதினி."

மண்வெட்டியால் நானே எடுத்துவிட்டேன். முதலில் வந்தது தண்ணீர் இல்லை. குழாய் வாயில் தேங்கியிருந்த அத்தனை அசிங்கமும் வந்தது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பொக்லைன்காரன் நடுவில் இறங்கி நின்று, மூங்கில் கூடையால் அரித்து அரித்துக் கரையில் கொட்டினோம். பட்டாக இருந்தால் என்ன, நூலாக இருந்தால் என்ன, சேலை நாறிப் போனது. மத்தியானம்தான் தண்ணீர் தெளிந்தது. நாற்றில் பாதி பிழைக்காது, மறுபடி பாவ வேண்டும் என்று சுலைகா சொல்கிறாள். விதைநெல் நம் வீட்டிலிருந்து போகும். அவளிடம் விலை கேட்க இனி யாராவது போனால், அங்கே நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லி அனுப்பு.

என் பெயர் ஆர்ச்சில் இருக்க வேண்டுமானால் அந்த வாய்க்கால் இருக்க வேண்டும். கரை கட்டு, மேலே நல்ல பலகைக் கல்லைப் போடு, உன் மனைக்காரர்கள் அதன்மேல் காரை ஓட்டிக்கொண்டு போகட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை, எழுதியே கொடுத்துவிட்டேன், இதோ. மூடுவதாக இருந்தால் கல்லில் வெட்டிய என் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு மூடு. பேத்தி பெயரை எந்த போர்டிலும் எழுதாதே. அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தது நான். பிளக்ஸை இன்றைக்கே இறக்கு. விழாவுக்கு நான் வருவேன். ரிப்பன் வெட்ட மாட்டேன். மடைப் பக்கம் நிற்பேன், தண்ணீர் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

நீ முதல் ஆளாக வந்துவிடு. கூட்டாளிகளுக்கு முன்னால் வா. சுலைகாவிடம் அவள் வரப்பில் இறங்கிப் பேசு, காரில் இருந்தபடி கையைக் காட்டாதே. வரும்போது வண்டியை ஆர்ச்சுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வா. உள்ளே தண்ணீர் ஓடுகிறது.

அம்மா